செவ்வாய்க்கிழமை மில் கிடையாது

வக்கீல் வீட்டுப் பெஞ்சில் இடம் கிடைத்ததும் சண்முகத்தாய்க்கு எழுந்து போய்விடலாம் என்றுதான் தோன்றியது. நின்றுகொண்டிருந்தவரைக்கும் ஒரு வசதி இருந்தது. நிற்கிறவள் வழி கேட்க வந்தவளாக இருக்கலாம், வெயிலுக்கு ஒதுங்கியவளாக இருக்கலாம், வேறு யாருக்கோ துணையாக வந்தவளாகக்கூட இருக்கலாம். உட்கார்ந்துவிட்டால் கட்சிக்காரி. காதில் பேனா செருகிய குமாஸ்தா எந்த ஸ்டேஷன், என்ன கேஸ் என்று விசாரித்தார். கொலை என்று அவள் சொன்னதும் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல், ஐயா குளிக்கிறாங்க, உக்காருங்க என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் அவள் வாயில் வந்தது இது முதல் தடவை இல்லை. முன்பு சொன்னபோது அவள் செத்துப்போன செல்லப்பாவின் பெண்டாட்டி. இப்போது ஜெயிலில் இருக்கிற சிவபெருமாளின் தாய். ஒரு மனுஷி ஒரே ஆயுசில் இரண்டு பக்கமும் நிற்க வேண்டும் என்று எவன் எழுதி வைத்தானோ. உள்ளே கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது, பின்னாலேயே கறிவேப்பிலை வாசம் வந்தது. இந்த வீட்டிலும் தாளிப்பார்கள் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. அவள் மனசில் இருந்த நவநீதன் வக்கீலுக்கு வீடு கிடையாது, பசி கிடையாது, கறுப்புக் கோட்டுக்குக் கீழே காலே கிடையாது. சாட்சிக் கூண்டுக்கு எதிரே நின்று, பயப்படாம சொல்லுங்கம்மா என்ற ஒரு குரல் மட்டும்தான். சத்தம் போடாத குரல். காய்ச்சல்காரப் பிள்ளையிடம் டாக்டர் பேசுகிற மாதிரி இருக்கும். அந்தக் குரல் இப்போது கொல்லைப் பக்கமிருந்து, சோப்பு தீர்ந்துபோச்சுன்னா சொல்லக்கூடாதா என்று யாரையோ கடிந்துகொண்டது. சண்முகத்தாய் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

நேற்று தம்பி சங்கரவேலு குதித்த குதி கொஞ்சமில்லை. அத்தானைக் கொன்றவனை வெளியே கொண்டுவந்த ஆள் வீட்டு வாசப்படியை நீ மிதித்தால் எனக்கு அக்காளே இல்லை என்றான். ஊரில் வேறு வக்கீலே கிடையாதா, சங்கத்து வக்கீல் இருக்கிறார், நம்ம ஆள், பேசி வைத்திருக்கிறேன் என்றான். சங்கத்து வக்கீலுக்குக் கல்யாண வீட்டில் மைக் பிடித்து வாழ்த்திப் பேச நன்றாக வரும். கொலைக் கேஸில் அவர் வாயைத் திறந்து யாரும் கேட்டதில்லை. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கத்தி எவ்வளவு கூர் என்று அறுபட்டவளிடம் அல்லவா கேட்க வேண்டும். கோர்ட்டு வாசலையும் ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்கக் கூடாது என்பார்கள். அவள் இரண்டையும் மிதித்துச் செருப்புத் தேய்ந்தவள். அந்தத் தேய்மானத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரே விஷயம் இந்த ஊரில் நவநீதன் வக்கீலுக்கு மேல் வக்கீல் கிடையாது என்பதுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எட்டையபுரத்துக்காரர் ஒருவர், வயல் தகராறில் மச்சினன் கையை ஒடித்துவிட்டு வந்தவராம், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அதையே சொன்னார். "செத்தவனே எந்திரிச்சு வந்து சாட்சி சொன்னாலும், இவரு கேக்குற கேள்வியில செத்தது நானில்லைன்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவான், தாயி." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சண்முகத்தாயும் சிரிக்கப் பார்த்தாள். செல்லப்பா எழுந்து வந்து பச்சை வேட்டியோடு கூண்டில் நிற்பது போல ஒரு நிமிஷம் தெரிந்தது. அவரிடமும் இவர் பயப்படாம சொல்லுங்க என்றுதான் ஆரம்பித்திருப்பார்.

அன்றைக்கு அவர் அவளிடம் கேட்டது ரொம்பச் சின்னக் கேள்வி. சூளைக்காரர் மகன் தங்கப்பழம் மண்வெட்டிக் கணையால், அந்த மரப்பிடியால், செல்லப்பாவின் பின்மண்டையில் அடித்ததை ரயில்வே கேட் பக்கத்தில் நின்று அவள் கண்ணால் பார்த்தாள். அதை அப்படியே சொன்னாள். கூலித் தகராறு, முந்தின நாளே சூளையில் வாய்ச்சண்டை, எல்லாம் சொன்னாள். அரசு வக்கீல் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். நவநீதன் எழுந்தார். அந்த நேரத்தில் கேட் பக்கம் உங்களுக்கு என்னம்மா வேலை என்றார். மாவு அரைக்கப் போனேன் என்றாள். எந்த மில்? கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற செட்டியார் மில். என்ன அரைக்க? கேப்பை. டப்பாவிலா, தூக்குவாளியிலா? தூக்குவாளியில். ஒவ்வொன்றையும் அவர் மெதுவாக ஜட்ஜிடம் திருப்பிச் சொல்ல, டைப் அடிக்கிற பெண் டக்டக்கென்று அடித்துக்கொண்டே வந்தாள். நல்ல மனுஷன், ஒன்றும் தெரியாதவளுக்கு எடுத்துக் கொடுக்கிறார் என்றுகூட அவளுக்கு நினைப்பு ஓடியது. தண்டனைக்குரிய புத்தி. கடைசியில் அவர் வருத்தப்படுகிற மாதிரி, "செவ்வாய்க்கிழமை மில் கிடையாதேம்மா" என்றார். கோர்ட்டு ஹாலில் மேலே சுற்றுகிற காற்றாடி அன்றைக்குக் கிரீச் கிரீச்சென்று சத்தம் போட்டது இன்றைக்கும் காதில் இருக்கிறது. பிறகு மில்காரரே வந்து, ஆமாம், செவ்வாய் லீவு என்று சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் அந்த இடத்திலேயே இல்லை, போலீஸ் சொல்லிக் கொடுத்ததை ஒப்பிக்கிறீர்கள் என்று நவநீதன் சொன்னபோது, இருந்தேன் ஐயா, இருந்தேன் ஐயா என்பதைத் தவிர அவளுக்கு வேறு வார்த்தை வரவில்லை. தங்கப்பழம் மாலையும் கழுத்துமாக வெளியே வந்தான். பின்னாலேயே வெள்ளைச் சேலையில் அவன் அம்மா வந்தாள். அவர்களும் அவள் தெருக்கோடிதான். ஜெயித்தவர்கள் தோற்றவர்களை ஒரு பார்வை பார்ப்பார்கள், அதற்கும் சண்முகத்தாய் தயாராகத்தான் படியோரம் நின்றாள். கிழவி பார்க்கவே இல்லை. குனிந்த தலை நிமிராமல் அவளைத் தாண்டிப் போனாள். ஏன் அப்படிப் போனாள் என்பது ஒரு முள்ளாக அவளுக்குள் கிடந்தது. இன்னொரு முள்ளும் உண்டு. வாளி தூக்கிக்கொண்டு மாவு அரைக்கப் போகாத மனுஷனுக்கு, கார் வைத்திருக்கிற மனுஷனுக்கு, எங்கள் பக்கத்துச் செட்டியார் மில் செவ்வாய்க்கிழமை கிடையாது என்று எப்படித் தெரிந்தது? கெட்டிக்காரர், மோப்பம் பிடித்துவிட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

மில்லுக்குப் போகவில்லை என்பது நிஜம். எங்கே போனாள் என்பதை இதுவரைக்கும் ஒரு உயிரிடமும் அவள் சொன்னதில்லை. செல்லப்பா திருச்செந்தூருக்கு மாலை போட்டிருந்தார். பச்சை வேட்டி, விடியலில் குளியல், வெறுந்தரையில் படுக்கை. மாலைக்காகவே விளாத்திகுளத்திலிருந்து மாமியார் வந்து தங்கியிருந்தாள். வீட்டில் வெங்காயம்கூட யோசித்துத்தான். பிள்ளை சிவபெருமாள் பால்வாடி போகிற வயசு, காய்ச்சலில் கிடந்து எழுந்து, கஞ்சியைக் கண்டால் வாயை மூடிக்கொண்டு, மீனு மீனு என்று அழுதான். மாலை போட்ட வீட்டில் கவிச்சி வாசம் வந்தால் தெய்வம் சும்மா விடாது என்றாள் மாமியார். தெய்வத்துக்குப் பிள்ளையின் விலா எலும்பு தெரியவில்லையா என்று சண்முகத்தாய்க்கு ஒரு கோபம். மில்லுக்குப் போயிட்டு வாரேன் அத்தை என்று தூக்குவாளியோடு கிளம்பினாள். கேட் பக்கத்தில் தள்ளுவண்டியில் மீன் பொரித்து விற்பான் ஒருத்தன். இரண்டு துண்டு, இலையில் மடித்து, வாளிக்குள் வைத்து மூடிவிட்டாள். நிமிர்ந்தால் எதிரே பச்சை வேட்டி வந்துகொண்டிருக்கிறது. அவள் சட்டென்று வண்டிக்குப் பின்னால் ஒதுங்கினாள். அங்கிருந்துதான் பார்த்தாள். தங்கப்பழம் பின்னால் வந்ததும், கணை மேலே போனதும், இறங்கியதும். ஒதுங்காமல் நின்றிருந்தால் இங்க என்னட்டி செய்யுத என்று அவர் நின்றிருப்பார், இரண்டு வசவு வைதிருப்பார், நேரம் மாறியிருக்கும். போலீஸ் கேட்டபோது மாமியார் பக்கத்தில் இருந்தாள். ஏற்கனவே சொன்ன மில்லையே சொன்னாள். கோர்ட்டிலும் மாமியார் உட்கார்ந்திருந்தாள். விரதத்தைக் கெடுத்துத் தாலியை அறுத்துக்கொண்டவள் என்று ஊர் பேசும், பேசட்டும், ஆனால் அது உண்மையாக இருந்துவிட்டால் என்ன செய்வது? அதனால்தான் வாய் மூடிக்கொண்டது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் உடம்பைப் போட்டுவிட்டு, கத்திக் கத்தித் தொண்டை கட்டி வீட்டுக்கு வந்தால், பிள்ளை அடுப்பங்கரை மூலையில் உட்கார்ந்து யாரோ எடுத்துவந்து வைத்த வாளியைத் திறந்து இரண்டு துண்டையும் தின்று முடித்திருந்தான். வாயெல்லாம் மிளகாய்ச் சிவப்பு. அவள் முள்ளைப் பொறுக்கி இடுப்பில் சொருகிக்கொண்டாள். பிள்ளை நன்றாகத் தூங்கினான்.

அந்தப் பிள்ளைதான் இப்போது பேரூரணி ஜெயிலில் இருக்கிறான். வளர்ந்து, மீசை முளைத்து, மினி லாரி ஓட்டி, கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாக்கெட் போட்டது போதும், நீ வீட்டில் இரு என்று தாயிடம் அதட்டல் போடுகிற அளவுக்கு வந்த பிள்ளை. அவள் கம்பெனியை விடவில்லை. விட்டிருந்தாலும் அந்தப் பாகு வாசம் கையை விட்டுப் போகாது. இப்போதுகூட உள்ளங்கையை முகர்ந்தால் வெல்லம். தெருமுனை வண்டி ஸ்டாண்டில் லோடுத் தகராறு. அவனுக்கு வந்த லோடை அதே ஸ்டாண்டில் ஓட்டுகிற காளிராஜ் எடுத்துக்கொண்டு போனானாம், கேட்டதற்குச் செத்துப்போன அப்பனை இழுத்து ஏதோ சொன்னானாம். கையில் ஜாக்கி லிவர் இருந்தது. ஒரே அடி. காளிராஜ் அங்கேயே விழுந்து, திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போய், திரும்பி வரும்போது துணி சுற்றி வந்தான். பின்மண்டை. ஜெயிலில் வலைக்கு அந்தப் பக்கம் அவன் நின்றான். சுற்றிலும் எல்லோரும் கத்துகிறார்கள், யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று தெரியாத இரைச்சல். அவன் கத்தவில்லை. உதட்டை வைத்துத்தான் அவள் படித்தாள். "அடிச்சது நாந்தாம்மா. சாவான்னு நினைக்கல." பிறகு, ராத்திரி தூக்கம் வரமாட்டேங்கு என்றான். தகப்பன் செத்த அன்று நன்றாகத் தூங்கிய பிள்ளை. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும். அதை மற்றவன் பிள்ளைக்குச் சொல்லும்போது வாய் கூசுவதில்லை. தன் பிள்ளை என்றால் உப்பு கொஞ்சம்தானே, பசியில் தெரியாமல் தின்றதுதானே என்று மனசு பக்கவாத்தியம் வாசிக்கிறது. தங்கப்பழத்தின் தாயும் அப்படித்தான் நினைத்திருப்பாளோ? நினைத்திருக்கட்டும். அவளுக்காக இரங்கிப் பார்க்க சண்முகத்தாய்க்கு இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் முடிந்ததில்லை.

இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீலம்மா வந்தாள், ரெபேக்கா என்று பேர், கழுத்தில் சின்னச் சிலுவை. நாகர்கோவில் பக்கம். ஸ்டேஷன் வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தவளைக் கைகொடுத்துத் தூக்கி, டீ வாங்கிக் கொடுத்தவள். அவளை விட நல்ல பெண் கிடைக்காது. ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னாள். திடீர்ச் சண்டை, ஒரே அடி, கொல்ல வேண்டும் என்ற எண்ணம் இல்லை, இதை உள்ளபடி சொல்லிச் செக்‌ஷனைக் குறைக்கக் கேட்கலாம், சில வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்துவிடுவான், வந்த பிறகு அவன் வாழ்க்கை அவனுக்கு. சில வருஷம் என்றால் எத்தனை என்று கேட்டதற்கு மட்டும் அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். பிறகு எப்.ஐ.ஆரை வாசித்துக் காட்டினாள். செத்தவன் பெண்டாட்டி பொன்செல்விதான் நேரில் பார்த்த சாட்சி. தெருக்குழாயில் தண்ணீர் பிடிப்பதற்காகக் குடத்துடன் சென்றபோது மேற்படி எதிரி என் கணவரை இரும்புக் கம்பியால் தலையில் தாக்கியதைக் கண்டேன். ரெபேக்கா அடுத்த வரிக்குப் போய்விட்டாள். சண்முகத்தாய் போகவில்லை. குடத்துடன் சென்றபோது என்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். அந்தக் குழாய் அவள் தெருவுக்கும் பொன்செல்வி தெருவுக்கும் பொது. இந்த ஊரில் கல்யாண நாளை மறந்தாலும் தண்ணீர் முறையை மறக்க மாட்டார்கள். ஒரு முறை விட்டால் அடுத்த முறை வரும்வரை விலைக்குத்தான் வாங்க வேண்டும். அன்றைக்கு முறை இல்லை. முந்தின நாள்தான் வந்துபோனது, அவளே அண்டா, பானை, இட்லிக் கொப்பரை வரை பிடித்து நிரப்பியிருந்தாள். அன்றைக்குக் குடத்தோடு அந்தக் குழாய்க்கு யாரும் போக மாட்டார்கள். போலீஸ்காரன் எங்கிருந்தோ வந்தவன், கேட்டான், சொன்னாள், எழுதினான். தெருவில் யாருக்கும் அது உறைக்கவே இல்லை. உறைத்தாலும் எவர் பேசுவார்கள்?

பொன்செல்வி பொய் சொல்லவில்லை. அதுதான் சண்முகத்தாயைத் தூங்கவிடாத விஷயம். அவள் பார்த்திருக்கிறாள், அங்கேதான் நின்றிருக்கிறாள், பிள்ளையே வலைக்கு அந்தப் பக்கம் நின்று ஒத்துக்கொண்டதைத்தான் அவளும் சொல்கிறாள். ஏன் நின்றாள் என்பதில் மட்டும் ஒரு பொத்தல். புருஷன் எந்தக் கடையில் குடிக்கிறான் என்று பார்க்க வந்தாளோ, கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குக் கிளம்பினவளோ, மாமியாருக்குத் தெரியாமல் போனில் யாரிடமாவது அழ வந்தாளோ. எதுவாகவும் இருக்கும். அவளுக்கும் ஒரு பொரிச்ச மீன் இருக்கிறது. குழாயடியில் அவளைத் தெரியும். மெலிந்த பெண், பேச்சுக் குறைவு. போன கோடையில் சண்முகத்தாய்க்கு இடுப்புப் பிடித்துக்கொண்டபோது, நீங்க முன்னால பிடிச்சுட்டுப் போங்க அத்தை என்று தன் குடத்தை நகர்த்தி வைத்தாள். அவளுடைய பெண் குழந்தை சண்முகத்தாய் மடியில் உட்கார்ந்து கடலைமிட்டாய் தின்றிருக்கிறது. இந்தப் பெண்ணைத்தான் கூண்டில் ஏற்றி, பயப்படாம சொல்லுங்கம்மா என்று ஆரம்பிக்க வேண்டும். அந்தக் கூண்டுக் கட்டையில் கை வைக்கிற இடத்தில் மரம் வழுவழுவென்று இருக்கும். எத்தனையோ பேர் பிடித்துப் பிடித்துத் தேய்ந்தது. அந்த வழுவழுப்பு இப்போது விரலில் தெரிந்தது. சண்முகத்தாய் ஒரு முடிவுக்கு வந்தாள், வந்ததாக நினைத்துக்கொண்டாள். வக்கீலை வைக்கலாம். பிள்ளை விஷயத்தைச் சொல்லலாம். தண்ணீர் விஷயத்தை மட்டும் சொல்லக் கூடாது. அவர் கெட்டிக்காரர், மில் லீவைக் கண்டுபிடித்தவர், இதையும் கண்டுபிடித்தால் அது அவர் பாடு, அவர் பாவம், அதற்குத்தானே தொழில் செய்கிறார். தாய் வாயால் வராதவரைக்கும் சரி. இப்படி ஒரு கோடு கிழித்துக்கொண்டதும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. கூடவே ஒரு பயம், மனுஷர் தன்னை அடையாளம் கண்டுகொண்டால்? செல்லப்பா பெண்டாட்டியா, எழுந்து போ என்று சொல்லிவிட்டால்? அப்படிச் சொன்னால் நல்லது என்றும் ஒரு ஓரத்தில் தோன்றியது. எட்டையபுரத்துக்காரர் உள்ளே போய், சிரித்த முகமாக வெளியே வந்தார். குமாஸ்தா அவளைப் பார்த்துக் கையசைத்தார்.

நவநீதன் வக்கீல் கிழவராகியிருந்தார். அதை அவள் எதிர்பார்க்கவில்லை. தலை முழுக்க நரை, நெற்றியில் ஈரம் காயாத திருநீறு, பேப்பரைப் பிடித்த கை லேசாக நடுங்கியது. கண்ணாடிக்கு மேலாக அவளை ஒரு தரம் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒன்றுமே இல்லை. இத்தனை வருஷம் தூக்கத்தில் அவரோடு அவள் வாதாடியிருக்கிறாள், அவருக்கு அவள் முகம்கூட மிச்சமில்லை. உட்காரச் சொன்னார். வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்றார். இறந்துட்டாக என்றாள். எப்படி என்றார். சொன்னால் ஞாபகம் வரும். ஞாபகம் வந்தால் கேஸை எடுக்க மாட்டார். "நெஞ்சு வலி" என்றாள். செல்லப்பாவை அவள் தன் வாயால் இன்னொரு தரம் சாகடித்தாள், அவர் தலையாட்டிவிட்டு எப்.ஐ.ஆரை எடுத்தார்.

வாசிக்க வாசிக்க, பையன் அடித்தானா இல்லையா என்று நான் கேட்கப் போவதில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம் என்றார். பக்கத்தைப் புரட்டினார். மறுபடி முன்பக்கம் வந்தார். அவர் கண் குடத்துடன் சென்றபோது என்ற வரியின் மேலே ஊர்ந்துபோனதைச் சண்முகத்தாய் பார்த்தாள். நிற்கவில்லை. போயேவிட்டது. அவர் கட்டை மூடிக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது சுத்தமான சாட்சிம்மா. பொண்டாட்டி, பக்கத்துல நின்னு பார்த்திருக்கா, நல்ல வெளிச்சம், உங்களுக்கும் அவளுக்கும் முன்பகை ஒண்ணும் இல்ல. கை வைக்க இடமில்ல. செக்‌ஷனைக் குறைக்கக் கேக்கலாம், ஏழு வருஷமோ பத்து வருஷமோ வரும். அதுக்கு நான் எதுக்கு? அந்த ரெபேக்காப் பொண்ணு போதும். நல்ல பொண்ணு, மனசோட செய்வா."

பேப்பர்க் கட்டை அவள் பக்கம் நகர்த்தினார். கும்பிட்டுவிட்டு எழுந்து போக வேண்டியதுதான். நல்ல வழி தானாகவே திறந்து கிடக்கிறது, பாவமும் இல்லை, படியேறிய குறைகூடப் பெரிதில்லை, தம்பியிடம் சொல்ல வேண்டியதில்லை. ஏழு வருஷமோ பத்து வருஷமோ. வலைக்கு அந்தப் பக்கம் அவன் உதடு அசைகிறது. தூக்கம் வரமாட்டேங்கு. வாயெல்லாம் மிளகாய்ச் சிவப்போடு தூங்கின பிள்ளை. அவள் எழுந்தாள். பேப்பர்க் கட்டைக் கையில் எடுத்தாள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சும்மா சொன்னதில்லை. அவள் குரல் அவளைக் கேட்காமலே வெளியே வந்தது.

"அன்னைக்கு அந்தக் குழாய்ல தண்ணி வராதுய்யா."

வக்கீல் கண்ணாடியை மறுபடி மாட்டினார். அந்தச் சின்ன அசைவில் அவருக்குப் பத்து வயசு குறைந்தது. நிச்சயமா என்றார். எங்க தெருவுக்கும் அவ தெருவுக்கும் ஒரே குழாய், ஒரே முறை, முந்தின நாள்தான் வந்துச்சு என்றாள். அவர் கையை நீட்டிக் கட்டை வாங்கிக்கொண்டார். கை நடுங்கவில்லை.

"பயப்படாம சொல்லுங்கம்மா" என்றார்.

அதே குரல். சண்முகத்தாய் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். குழாய் எங்கே இருக்கிறது, முறை எப்படி வருகிறது, வால்வு திறக்கிறவர் யார், தெருவில் யார் யாரைக் கேட்டால் தெரியும். அப்படியானால் அந்தப் பெண் எதற்காக அங்கே நின்றாள் என்று கேட்டார். தெரியாதுய்யா என்றாள். "தெரிய வேண்டாம். அவ சொல்ல மாட்டா. சொல்லக்கூடியதா இருந்தா முதல்லயே சொல்லியிருப்பா" என்றார் அவர், தெரிந்த சமையல் பக்குவத்தைச் சொல்கிற மாதிரி. குமாஸ்தாவைக் கூப்பிட்டு, நகராட்சியில் அந்த வார்டுக்கு என்றைக்குத் தண்ணீர் விட்டார்கள் என்று எழுதி வாங்கச் சொன்னார். பையனிடம் வக்காலத்தில் கையெழுத்து வாங்க ஜெயிலுக்கு ஆள் அனுப்பச் சொன்னார். பிறகு அவளிடம் திரும்பி, இதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும், கட்சிக்காரங்க வந்து சொன்னால்தானே உண்டு என்றார். அன்போடுதான் சொன்னார்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. படியிறங்கும்போது சண்முகத்தாய்க்குத் தங்கப்பழம் அம்மாவின் அந்த வெள்ளைச் சேலை கண்முன் வந்தது. செட்டியார் மில்லில் அந்தக் கிழவியும்தான் அரைப்பாள். அவளும் ஒரு நாள் காலையில் இந்தப் பெஞ்சில், கடுகு தாளிக்கிற வாசத்தில், சொல்லக் கூடாது சொல்லக் கூடாது என்று கோடு கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மண்வெட்டிக் கணையை யார் தூக்கினது என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். கிழவி செத்துப் பல வருஷமாகிறது. சாவு வீட்டுக்குக்கூட சண்முகத்தாய் போகவில்லை. இப்போது போய் அவள் காலடியில் உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது, யாருக்காக என்று அவளுக்கே தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தாள். பாதி வழியில் ஞாபகம் வந்தது, இன்றைக்குத் தெருவில் தண்ணீர் முறை. போய்க் குடம் வைக்க வேண்டும். புருஷன் போன பிறகும் பொன்செல்வி தன் குடத்தோடு வரத்தான் செய்கிறாள். வரிசையில் நிற்பாள். அவள் முகத்தைப் பார்க்காமல் நிற்க வேண்டும்.